ஏற்றத்தையும் கணக்கில் எடுங்கள்: கல்வராயன் மலையின் வாகன, எரிபொருள் சாசனம்

கல்வராயன் மலைக் கிராமங்களிலும் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், கச்சிராயபாளையம் அடிவார ஊர்களிலும் வாழும் நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். ஜீப் ஓட்டுகிறவர்கள், பிக்கப்பில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி இறக்குகிறவர்கள், தலைச்சுமையோடு சந்தைக்கு இறங்கும் பெண்கள், கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகள் எல்லோரும் இதில் சேர்ந்திருக்கிறோம். ஒன்றிய மின்துறை அமைச்சகம், சாலைப் போக்குவரத்து அமைச்சகம், தமிழ்நாடு அரசு, மாவட்ட ஆட்சியர் ஆகியோர் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். புதிய கார்கள் எவ்வளவு எரிபொருள் குடிக்கலாம் என்று வரையறுக்கும் கஃபே விதியின் முதல் கட்டம் 2017இலும் இரண்டாம் கட்டம் 2022இலும் வந்தன. மூன்றாம் கட்டம் 2027 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வர வேண்டும். இனி எந்த வண்டி தயாராகும், எது நின்றுபோகும், என்ன விலைக்கு வரும் என்பதெல்லாம் அந்த விதியோடு சேர்ந்து முடிவாகிறது. எங்கள் மலையில் எது ஏறும் என்பதும் அதில்தான் முடிவாகிறது. எழுதி முடிப்பதற்கு முன் மலையின் பங்கு அதில் சேர வேண்டும்.

எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லும் விதி எங்களுக்கு வேண்டும். தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு இது. லிட்டர் டீசல் 90 ரூபாயைத் தாண்டிய பிறகு, மலையில் வாடகை வண்டி ஓட்டுகிறவரின் கையில் சேரும் பணத்தில் பெரும்பங்கு பங்க்கிலேயே தீர்ந்துவிடுகிறது. இத்தகைய விதி புதிதல்ல. அமெரிக்காவில் 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. வேகத்துக்காகவும் பகட்டுக்காகவும் பெரிய வி8 என்ஜின் பூட்டிய மசில் கார்கள் அந்தக் காலத்திலேயே இளைக்கத் தொடங்கின. டாட்ஜ் நிறுவனம் 2023 டிசம்பரோடு தன் வி8 சேலஞ்சர், சார்ஜர் கார்களை நிறுத்தியது. 2025 ஜூலையில் அமெரிக்கா விதியை மீறும் நிறுவனங்களுக்கான அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டது. அந்த வழி நமக்கு வேண்டாம். விதி தளர்ந்தால் கூடுதல் டீசலுக்குக் காசு கட்டப்போவது கார் நிறுவனம் அல்ல, நாங்கள். ஆனால் வண்டியின் பலம் எல்லா ஊரிலும் ஆடம்பரம் என்று எண்ணி விதி எழுதிவிடக் கூடாது. பிரசவ வலி எடுத்த பெண்ணைச் சேராப்பட்டிலிருந்து கீழே கொண்டுவரும் வண்டிக்கும், விதை மூட்டையோடு மேலே ஏறும் வண்டிக்கும் இழுவை இருந்தே ஆக வேண்டும். இழுவையும் சிக்கனமும் சேர்ந்த வண்டியே எங்கள் தேவை. அதைத் தயாரிக்க முடியும். கீழே வரும் கோரிக்கைகள் அதற்கானவை.

முதல் கோரிக்கை அளவையைப் பற்றியது. இன்று ஒரு காரின் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுகிறது. சக்கரங்களை உருளைகளின் மேல் சுழலவிட்டு, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாமல், ஏறக்குறைய 20 நிமிடம் ஓட்டிக் கணக்கெடுக்கிறார்கள். அந்த உருளையில் மேடு கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது, பாரமும் கிடையாது. கரியாலூர்ப் பக்கம் ஒரு வளைவில் வந்து நின்று பாருங்கள். சிமென்ட் மூட்டையும் அரிசி மூட்டையும் ஏற்றிய பிக்கப் இரண்டாம் கியரில் வந்து வளைவுக்குள் திணறும். ஓட்டுநர் முதல் கியருக்கு மாற்றுகிற நொடியில் வண்டி பின்னுக்கு நழுவும். பின்னால் தொற்றிவந்த பையன் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பான். கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம் அடிக்கும். கரும்புகை கக்கி வண்டி ஓர் ஆள் நீளம் ஏறும்; பிறகு மறுபடியும் கல். இதற்கான டீசல் எந்த மைலேஜ் கணக்கிலும் இல்லை. கணக்கு கடினமானதும் இல்லை: ஒரு டன் பாரத்தை ஒரு கிலோமீட்டர் உயரம் தூக்க, சாதாரண டீசல் என்ஜின் ஏறக்குறைய ஒரு லிட்டர் எரிக்கும். வண்டியும் சுமையுமாக 3 டன், அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கான டீசல் தனி. உயரத்துக்கு மட்டுமே ஒன்றரை லிட்டருக்கு மேல் ஆகிறது. சமதளத்தில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருவதாகச் சொல்லி விற்ற வண்டி இங்கே பாதிகூடத் தராததன் காரணம் இதுதான். ஆகவே மூன்றாம் கட்ட விதியோடு மலைப்பாதைச் சோதனையும் சேர்க்கப்பட வேண்டும். பாரம் ஏற்றி, குறிப்பிட்ட சரிவில், குறிப்பிட்ட உயரம் ஏற எத்தனை லிட்டர் ஆனது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் அளந்து, விற்பனைக் கூடத்தில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே அளக்கலாம், எங்கள் மலைப்பாதையிலேயே வந்தும் அளக்கலாம். கருவியும் உண்டு, ஆளும் உண்டு. இன்னும் ஏன் அளக்கவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி.

அடுத்தது, மலையில் உழைக்கும் வண்டிக்கு அந்த விதிக்குள் ஓர் இடம். கஃபே விதி ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் சராசரியைப் பார்க்கிறது. 2022இலிருந்து அந்தச் சராசரி கிலோமீட்டருக்கு 113 கிராம் கரியமில வாயு. பெட்ரோலில் சொன்னால் லிட்டருக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். விற்கும் கார்களின் எடை கூடினால் இலக்கு சற்றுத் தளரும். தவறினால் 2022இல் திருத்திய எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி வண்டி ஒன்றுக்கு 25,000 ரூபாய், அதற்கு மேலும் தவறினால் 50,000 ரூபாய் அபராதம். இந்தக் கணக்கில் ஒரு நிறுவனம் பலமான வண்டி ஒன்றைத் தயாரித்தால் அதை ஈடுகட்ட மின்சாரக் கார்களையோ சிக்கனமான கார்களையோ விற்றாக வேண்டும். எனவே லாபம் கொழிக்கும் சொகுசு வண்டிக்கே அந்த இடத்தை ஒதுக்குவார்கள். விலை குறைந்த, பழுது பார்க்க எளிதான, ஒன்பது பேர் உட்காரும் நாலு சக்கர இழுவை ஜீப் பட்டியலிலிருந்து உதிர்ந்துபோகும். மாருதி ஜிப்சி 2019இல் நின்றது. மகிந்திரா கமாண்டரும் மார்ஷலும் அதற்கு வெகுமுன்பே நின்றுவிட்டன. அந்த இடத்தை நிரப்ப இன்று கடையில் இருப்பவை நாலு பேர் உட்காரும் உல்லாச வண்டி அல்லது லட்சக்கணக்கில் விலை கூடிய வண்டி. 2025 செப்டம்பரில் வெளியான வரைவு, 909 கிலோவுக்குக் குறைவான எடையும் 1,200 சிசிக்கு உட்பட்ட என்ஜினும் உள்ள சிறிய கார்களுக்குச் சலுகை பேசியது. எடைக்கும் என்ஜின் அளவுக்கும் இடம் தர முடிந்தால் ஏற்றத்துக்கும் இடம் தர முடியும். மலை வட்டங்களில் வாடகை வாகனமாகப் பதிவாகும் ஏழு முதல் ஒன்பது இருக்கை வண்டிகளைச் சராசரிக் கணக்கில் தனியாக வைக்க வேண்டும். அவற்றுக்கு மேலே சொன்ன மலைச் சோதனையிலிருந்து பிறக்கும் தனி இலக்கு வேண்டும், அந்த இலக்கு ஆண்டுக்கு ஆண்டு இறுக வேண்டும். நகரத்துச் சொகுசு வண்டி இந்த வாசல் வழியே நுழையாதபடி, பதிவு வாடகை வாகனப் பதிவாகவும் வழித்தடம் மலை வழித்தடமாகவும் இருந்தால் மட்டுமே சலுகை என்று எழுதுங்கள்.

நிறுவனங்கள் வாங்குவார் இல்லை என்று சொல்லலாம். அதற்கு மாநில அரசிடம் விடை இருக்கிறது. வனத்துறை, காவல்துறை, சுகாதாரத்துறை, ஊரக வளர்ச்சித்துறை எல்லாவற்றுக்கும் மலை வண்டி தேவை. கல்வராயன் மட்டுமா, ஜவ்வாது, பச்சைமலை, கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை, நீலகிரி, கொடைக்கானல் என்று மலைப் பகுதிகள் வரிசையாக இருக்கின்றன. துறைக்குத் துறை தனித்தனியாக வாங்காமல், பலமும் சிக்கனமும் இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று ஒரே அளவுகோல் வைத்துத் தமிழ்நாடு அரசு ஒரு கூட்டுக் கொள்முதலை அறிவிக்க வேண்டும். மகிந்திராவின் ஆய்வு மையம் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறது, அதன் சோதனைத் தடம் நம் அண்டை மாவட்டத்துச் செய்யாறில் இருக்கிறது. அசோக் லேலண்ட் ஓசூரில் வண்டி கட்டுகிறது. இந்தியாவின் வாகனத் தலைநகரம் என்று பேர் வாங்கிய மாநிலத்தில், அதே மாநிலத்து மலைக்கு ஏற்ற வண்டி வேண்டும் என்று கேட்டு ஓர் ஒப்பந்தப்புள்ளி விட எத்தனை மாதம் ஆகும்?

வரி பற்றி ஒரே ஒரு திருத்தம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. பத்துப் பேரும் அதற்கு மேலும் ஏற்றும் வாகனத்துக்கு 18 விழுக்காடு. நாலு மீட்டரைத் தாண்டிய அல்லது டீசலில் 1,500 சிசியைத் தாண்டிய, ஒன்பது இருக்கை வரையுள்ள வாகனத்துக்கு 40 விழுக்காடு. பணக்காரர் வாங்கும் சொகுசு வண்டிக்கு அந்த வரி இருக்கட்டும். வெள்ளிமலைச் சாலையில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி ஓடும் ஜீப்புக்கும் அதே வரி என்பது மாற வேண்டும். மலை வழித்தட அனுமதியோடு பதிவாகும் வாடகை ஜீப்புக்குப் பேருந்துக்குள்ள 18 விழுக்காட்டையே விதியுங்கள். அடுத்த ஜி.எஸ்.டி. மன்றக் கூட்டத்தில் தமிழ்நாட்டு நிதியமைச்சர் இதை முன்மொழிய வேண்டும்.

எந்த வண்டியின் மைலேஜையும் கெடுப்பதில் முதலிடம் சாலைக்கு. குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் கியர் குறைகிறது, டீசல் கூடுகிறது, ஸ்பிரிங் பட்டை உடைகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை வசதி அந்த விசாரணையில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது. 1976இல்தான் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து இந்த மலை அரசு நிர்வாகத்துக்கு வந்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. காட்டு நிலம் என்ற காரணத்தை இனிச் சொல்லி ஒதுங்க முடியாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால் ஓரிடத்தில் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தைச் சாலை, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு ஒதுக்க வழி செய்திருக்கிறது. எங்கள் கிராம சபைகள் தீர்மானம் போடத் தயாராக இருக்கின்றன. சாலை இல்லாத குக்கிராமங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரே வன ஒப்புதல் எந்த மேசையில் நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். புதுச்சாலை போடும்போது வளைவின் சரிவைக் குறைத்து, வளைவின் அகலத்தைக் கூட்டிப் போடுங்கள். அந்த ஒரு வேலையால் மிச்சமாகும் டீசல், சாலை இருக்கும் காலமெல்லாம் மிச்சமாகிக்கொண்டே இருக்கும்.

இத்தனை வண்டிகளைப் பற்றிப் பேசிவிட்டோம். ஆனால் எரிபொருள் சிக்கனத்தில் பேருந்தை விஞ்சும் வண்டி எதுவும் இல்லை. ஏற்றத்தில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டரே தரும் பேருந்தில் 50 பேர் போனால், ஒரு லிட்டரில் ஒருவர் 200 கிலோமீட்டர் போனதற்குச் சமம். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தரும் ஜீப்பில் ஒன்பது பேர் போனால் அது 90. பேருந்து போதாததால்தான் மலை ஜீப்பை நம்பியிருக்கிறது. விழுப்புரம் கோட்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, கிளாக்காடு, மணியார்பாளையம் ஊர்களுக்கு விடியற்காலையிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகும் உறுதியான வண்டி விட வேண்டும். பள்ளி நேரத்துக்கும், கள்ளக்குறிச்சி சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளர் நேரத்துக்கும் பொருந்தும் கால அட்டவணை வேண்டும். மலைக்கு அனுப்பும் பேருந்து ஏற்றத்துக்கேற்ற கியர் விகிதமும், இறக்கத்துக்கேற்ற கூடுதல் பிரேக்கும் உள்ள புது வண்டியாக இருக்க வேண்டும். சமவெளியில் ஓடித் தேய்ந்ததை மலைக்கு அனுப்பும் வழக்கம் எந்த மலைக்கும் வேண்டாம். பெண்களுக்கான கட்டணமில்லா விடியல் பயணம் மலையின் ஒவ்வொரு வழித்தடத்திலும், ஒவ்வொரு நடையிலும் செல்ல வேண்டும். பெரிய பேருந்து திரும்ப முடியாத ஊர்களுக்கு 2025இல் தொடங்கிய சிற்றுந்துத் திட்டம் இருக்கிறது. அதன் 25 கிலோமீட்டர் வரம்பு மலைக்குப் பொருந்தவில்லை, மலை வட்டங்களுக்கு அதைத் தளர்த்துங்கள். ஆட்டை அடித்துத் தோலுக்கு விலை பேசுவதுபோல, மலைத்தடத்தின் வசூலை மட்டும் பார்த்து நடையைக் குறைப்பது நிற்கட்டும். மிச்சமாகும் எரிபொருளையும் வசூலோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சரக்கு வண்டியில் ஆள் ஏறுவது குற்றம் என்று எங்களுக்குத் தெரியும். ஏறாமல் போக வழியில்லாததால் ஏறுகிறோம். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், கோயிலுக்குப் போன சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். பெண்களும் பிள்ளைகளுமே அதிகம். அதற்குப் பிறகும் அடிவாரத்தில் நின்று அபராதம் எழுதுவது மட்டும் போதாது. சந்தை நாளிலும், திருவிழா நாளிலும், மரவள்ளி அறுவடைக் காலத்திலும் கூடுதல் பேருந்து விடுங்கள். அந்த நாட்களின் பட்டியலை ஊராட்சிகள் ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடும். பேருந்தை விட்ட பிறகு சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுகிறவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கண்டிப்பு காட்டலாம். நாங்களும் துணை நிற்போம். வரிசை மாறக் கூடாது: முதலில் பேருந்து, பிறகு அபராதம்.

டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு ஓட்டும் பழக்கம் இங்கே உயிர் குடிக்கிறது. என்ஜின் பிடி விட்டுப்போன பாரவண்டியில் பிரேக் சூடேறி, கடைசி வளைவில் கைவிடும். புது என்ஜின் வண்டியைக் கியரில் வைத்து, ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்து இறக்கினால் என்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் ஓயாமல் எரித்துக்கொண்டிருக்கும். இந்த ஒரு சேதி தெரிந்தாலே பல ஓட்டுநர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெள்ளிமலையில் மலை ஓட்டுநர்களுக்குப் பயிற்சி நடத்த வேண்டும். செலவு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுதான்.

இப்போது பெட்ரோல். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவர்கள் எங்கள் அடிவார விவசாயிகள். மலையிலும் அடிவாரத்திலும் மக்காச்சோளம் விளைகிறது. நாட்டின் எத்தனாலுக்குக் கரும்பும் மக்காச்சோளமும் பெருமளவில் போகின்றன. எனவே பெட்ரோலில் எத்தனால் கலப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை; அது எங்கள் விளைச்சலுக்கு வாய்த்த சந்தை. ஆனால் 20 விழுக்காடு கலந்த இ20 பெட்ரோலைத் தாங்கும்படி கட்டிய வண்டிகள் 2023 ஏப்ரலுக்குப் பிறகே பரவலாக வந்தன. மலையில் ஓடும் இருசக்கர வண்டிகளில் மிகப் பல அதற்கு முந்தியவை. அவற்றில் மைலேஜ் குறையும் என்பதை 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட வழித்திட்டமே ஒப்புக்கொண்டது: பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 விழுக்காடு, பழைய கார்களுக்கு 6 முதல் 7 விழுக்காடு. பழைய வண்டிகளுக்காக இ10 பெட்ரோலும் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும், கலப்புப் பெட்ரோலின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்று அதே வழித்திட்டம் சொன்னது. கலப்பு குறித்த காலத்துக்கு முன்பே 20ஐத் தொட்டுவிட்டது, சொன்ன பாதுகாப்பு மட்டும் பங்க்குக்கு வந்து சேரவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வட்டத்துக்கு ஒரு பங்க்கிலாவது இ10 விற்க எண்ணெய் நிறுவனங்களுக்கு உத்தரவிடுங்கள். எந்த முனையில் என்ன கலப்பு வருகிறது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஏற்றத்தில் ஒவ்வொரு துளியும் எண்ணிச் செலவாகும் ஊரில் 4 விழுக்காடு சிறு தொகை அல்ல.

பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கை 2021இல் வந்தது. பழைய ஜீப் அதிகம் குடிக்கும், அதிகம் புகைக்கும் என்பதை அதை ஓட்டுகிறவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கழிக்கத் தயாராக இருக்கிறோம், மாற்று வண்டிக்கு வழி எங்கே? 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்ததற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. கட்டணத்தை ஏற்றினால் மலைக்காரர் புது வண்டி வாங்கிவிட மாட்டார், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்காமல், காப்பீடு இல்லாமல் ஓட்டுவார். விபத்து நடந்தால் இறந்தவர் குடும்பத்துக்குக் காப்பீட்டிலிருந்து ஒரு காசும் வராது. ஆகவே மலை வட்டத்தில் குடியிருக்கும் சிறு வாகன உரிமையாளர்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுங்கள். அந்த ஐந்து ஆண்டும் பழைய கட்டணமே இருக்கட்டும், ஆனால் பிரேக், ஸ்டீயரிங், புகை மூன்றிலும் சோதனை கண்டிப்பாக நடக்கட்டும். எஃப்.சி. எடுக்க ஒரு நாள் பிழைப்பை விட்டுக் கீழே இறங்காமலிருக்க, மாதம் ஒருமுறை சோதனை முகாமை வெள்ளிமலைக்குக் கொண்டுவாருங்கள். அவகாசத்துக்குள் பழையதைக் கழித்தவருக்குத் தாட்கோ வழியாக மானியக் கடன் கொடுத்து, சிக்கனமான மலை வண்டி வாங்க வைக்க வேண்டும். பழங்குடி ஓட்டுநர்கள் நாலைந்து பேர் சேர்ந்து குழுவாக ஒரு வண்டி வாங்கவும் அந்தக் கடன் இடம் தர வேண்டும். வாகன நிறுவனங்களிடம் வசூலிக்கும் கஃபே அபராதத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவதே பொருத்தம்.

மின்சார வண்டி மலைக்கு ஆகாது என்ற பேச்சு தவறு. மின் மோட்டாருக்கு இழுவை நின்ற இடத்திலிருந்தே முழுதாகக் கிடைக்கும். கல் வைக்கும் பையனுக்கு வேலை இருக்காது. இறங்கும்போது பிரேக்கின் சூடாக வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பும். எங்கள் விளைச்சல் கீழே போகிறது: மரவள்ளி, மக்காச்சோளம், பலா, கடுக்காய் எல்லாம் பாரமாக இறங்கும், வண்டி பெரும்பாலும் வெறுமையாக ஏறும். மின்வண்டிக்கு இதைவிட ஏற்ற தடம் சமவெளியில் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டம் மின்சார ஆம்புலன்ஸுகளுக்கு 500 கோடி ரூபாயும், மின்னேற்ற நிலையங்களுக்கு 2,000 கோடி ரூபாயும் ஒதுக்கியிருக்கிறது. அதிலிருந்து வெள்ளிமலைக்கும் சேராப்பட்டுக்கும் தலா ஒரு மின்சார ஆம்புலன்ஸ், வெள்ளிமலையிலும் கச்சிராயபாளையத்திலும் தலா ஒரு மின்னேற்ற நிலையம், முதல் மின்சாரச் சிற்றுந்து ஒன்று ஆகியவற்றைக் கேட்டு மாநில அரசு உடனே திட்டம் அனுப்ப வேண்டும். காற்றடித்தால் அறுந்துபோகும் மின்கம்பியை நம்பி இதைச் செய்ய முடியாது. வெள்ளிமலைக்கு வரும் மின்பாதையைப் பலப்படுத்துவதும், நிலையத்துக்கு மேல் சூரியத் தகடு போடுவதும் திட்டத்துக்குள்ளேயே வர வேண்டும். மின்வண்டி பழுது பார்க்கத் தெரிந்தவர் மலையிலேயே இருக்க வேண்டும். அதற்கு ஐ.டி.ஐ. படிக்கும் மலைப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள்.

மலைச் சோதனையும் வாடகை ஜீப்புக்கான தனி இலக்கும் 2027 ஏப்ரல் 1க்கு முன் விதியில் சேர வேண்டும். அந்தத் தேதி தாண்டிவிட்டால் நிறுவனங்கள் அடுத்த ஐந்தாண்டுக்கான வண்டிகளை வரைந்து முடித்துவிடும். பிறகு கேட்டுப் பயனில்லை. பேருந்து கால அட்டவணை, சந்தை நாள் பேருந்து, வெள்ளிமலை எஃப்.சி. முகாம், ஓட்டுநர் பயிற்சி ஆகிய நான்குக்கும் டெல்லி ஒப்புதல் தேவையில்லை, புதுச் சட்டம் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரும் போக்குவரத்துக் கழகமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் ஒரு மாதத்துக்குள் தொடங்கலாம். இ10 பெட்ரோலுக்கும் சாலைப் பட்டியலுக்கும் மூன்று மாதம் போதும். ஒவ்வொரு கோரிக்கையும் யாரிடம் இருக்கிறது, எங்கே நிற்கிறது என்ற விவரத்தைத் தமிழில் எழுதி, கல்வராயன்மலை ஒன்றிய அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஆறுமுறை நடக்கும் கிராம சபைகளில் ஒவ்வொன்றிலும் அதைப் படித்துக் காட்ட ஓர் அதிகாரி வர வேண்டும். அடுத்த கிராம சபைக்கு இந்தச் சாசனத்தின் படியோடு வருவோம்.